காகிதம் விற்றவன் கதை

அலிபிரியில், மலைப்பாதைப் படிகள் தொடங்கும் இடத்திற்குச் சற்று முன்னால், என் தந்தையார் ஒரு பொம்மைக் கடை வைத்திருக்கின்றார். ஆரணியிலிருந்து பிழைப்பைத் தேடி அவர் குடும்பத்தோடு இங்கே வந்தபோது எனக்கு வயது ஆறு. பலூன், ஊதல், சாவி கொடுத்தால் ஓடும் கார், மரத்தில் கடைந்த சொப்புச் சாமான், பிளாஸ்டிக் வில்லும் அம்பும் - இவையே எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்கும் சரக்குகள். 3,550 படி ஏறப் போகும் குழந்தை அழாமல் ஏறவேண்டுமே என்று பெற்றோர் வாங்குவர். ஏறி இறங்கிய குழந்தை அடம் பிடிக்கின்றதே என்றும் வாங்குவர். கடையின் மூலையில் ஒரு கட்டு மட்டும் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கின்றது. பரமபத சோபன படம். தெலுங்கர் அதனை வைகுண்டபாளி என்பர். வைகுண்ட ஏகாதசி வந்தால் நாலைந்து தாள் போகும். அவ்வளவுதான்.

சென்ற கோடை விடுமுறையில் ஒருநாள் அந்தக் கட்டைத் தூசி தட்டிக்கொண்டே, "இதை ஒழுங்காக அச்சடித்து, அழகான பெட்டியில் போட்டு விற்றால் என்ன அப்பா?" என்று கேட்டேன். தந்தையார் சிரித்தார். "காகிதம் வித்து எவன்டா பெரிய ஆளானான்?" என்றார்.

அன்று எனக்கு விடை தெரியவில்லை. இன்று தெரியும். காகிதம் விற்றுப் பெரிய ஆளானவன் ஒருவன் இருந்தான். ஜப்பான் நாட்டில், கியோத்தோ நகரில் இருந்தான். அவன் தொடங்கிய கடையின் பெயர் நிண்டெண்டோ. அந்தக் கதையைத்தான் தோழர்களே, உங்கள் முன் வைக்கின்றேன். கதைக்காக மட்டும் அன்று. நம் மன்றத்தின் பொங்கல் விழாப் போட்டியைப் பற்றி எனக்கு ஒரு வழக்கு இருக்கின்றது. அந்த வழக்கிற்கு இக்கதையே சான்று.

1889-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஃபூசாஜிரோ யமவுச்சி என்பவர் கியோத்தோவில் ஒரு சீட்டுக்கட்டுக் கடையைத் திறந்தார். ஜப்பானுக்குச் சீட்டு விளையாட்டைக் கொண்டு சென்றவர்கள் போர்த்துக்கீசியர். அது 16-ஆம் நூற்றாண்டில். பணம் வைத்து ஆடும் பழக்கம் பரவியதும் ஆட்சியாளர் தடை போட்டனர். தடைபட்ட சீட்டுக்குப் பதிலாக வேறு படம் போட்ட சீட்டு வந்தது. அதற்கும் தடை வந்தது. இவ்வாறு மாறி மாறிக் கடைசியில் பிறந்ததுதான் ஹனாபுடா என்னும் மலர்ச்சீட்டு. ஆண்டின் 12 திங்களுக்கு 12 செடி, ஒவ்வொன்றுக்கும் நான்கு சீட்டு, ஆக 48. எண் என்பதே அதில் இல்லை. எண் இருந்தால்தானே சூதாட்டம் என்று காவலன் பிடிப்பான்! பூவைப் பார்த்து யார் என்ன சொல்ல முடியும்?

ஆனால் பூவையும் வைத்துச் சூதாடினார்கள். யமவுச்சியின் சீட்டுகள் பெரிதும் விற்றது சூதாட்டக் கூடங்களில்தான் என்பர். தொழில்முறைச் சூதாடிகள் ஒவ்வோர் ஆட்டத்திற்கும் புதுக்கட்டு பிரிப்பார்களாம். பழைய கட்டில் எவன் நகக்குறி வைத்திருப்பானோ என்ற அச்சம். நிண்டெண்டோ என்ற பெயருக்கே 'அதிர்ஷ்டத்தை விண்ணிடம் விட்டுவிடு' என்று பொருள் சொல்வாருண்டு. ஆக, இன்று உலகத்துக் குழந்தைகள் எல்லாம் போற்றும் இந்நிறுவனம் புனிதமான இடத்தில் பிறக்கவில்லை. இதை நாம் மறைக்க வேண்டுவதில்லை, மறந்துவிடவும் கூடாது. எங்கே பிறந்தது என்பதைவிட, எங்கே போயிற்று என்பதே நமக்கு வேண்டியது.

1949-ஆம் ஆண்டு. நிறுவனத்தை நடத்தி வந்த பாட்டனார் நோயுற்றார். வசேடா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 22 வயதுப் பேரன் ஹிரோஷி யமவுச்சி படிப்பை விட்டுவிட்டு வந்து தலைமை நாற்காலியில் அமர்ந்தார். நம்மில் பலருக்கு அந்த வயதுதான். 1953-இல் காகிதத்தைத் தள்ளிவிட்டுப் பிளாஸ்டிக் சீட்டுகள் செய்தார். 1956-இல் அமெரிக்கா சென்று, சின்சினாட்டி நகரில் உலகத்தின் மிகப் பெரிய சீட்டுக்கட்டு நிறுவனத்தைப் பார்த்தார். உலகத்தில் பெரியது என்று கேள்விப்பட்டது, நேரில் பார்த்தால் ஒரு சிறு அலுவலகத்துக்குள் அடங்கிக் கிடந்தது. 'சீட்டு விற்றால் இவ்வளவு உயரம்தான் போக முடியும்' என்று அவருக்கு அங்கே விளங்கிவிட்டது. தந்தையார் கேட்ட கேள்வியை அவர் தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1959-இல் அவர் செய்த ஒன்றுதான் என் கருத்தில் அந்நிறுவனத்தின் முதல் திருப்பம். வால்ட் டிஸ்னியின் மிக்கி எலி முதலிய படங்களைச் சீட்டில் போட்டு, வீட்டுக் குழந்தைகளுக்கென்று விற்றார். ஆட்டம் ஆடும் முறையைச் சொல்லும் சிறு விளக்கத்தையும் கூடவே கொடுத்தார். விற்பனை பெருகிற்று. சூதாட்டக் கூடத்தில் கிடந்த சீட்டு, குடும்பத்தின் நடுக்கூடத்திற்கு வந்து சேர்ந்தது! பொருள் அதே சீட்டுதான், ஆடுவார்தாம் மாறினர்.

அதற்குப் பின் சில ஆண்டுகள் தடுமாற்றம். நொடியில் வேகும் சோறு விற்றுப் பார்த்தார்கள், போணியாகவில்லை. டாக்சி ஓட்டிப் பார்த்தார்கள், அதுவும் நிலைக்கவில்லை. இவற்றை நான் விரிக்கப் போவதில்லை. எனக்கு வேண்டியவர் 1965-இல் வேலைக்கு வந்த ஓர் இளைஞர்.

அவர் பெயர் குன்பெய் யோக்கோய். தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னியல் படித்தவர். சீட்டுத் தயாரிக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. இயந்திரம் பழுதாகாத நாளில் என்ன செய்வது? பொழுது போகாமல், கத்தரிக்கோல் மாதிரி விரிந்து நீண்டு, தொலைவில் இருப்பதைப் பற்றும் ஒரு கையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். முதலாளி பார்த்துவிட்டார். வேலை போயிற்று என்றுதான் யாரும் நினைப்போம். முதலாளியோ, "இதைப் பொம்மையாகச் செய்" என்றார். 1966-இல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்று வந்த அந்தப் பொம்மை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆய்வுக்கூடத்தில் நேரத்தை வீணாக்கும் என் போன்றோருக்கு இதைவிட ஆறுதலான வரலாறு வேறில்லை!

யோக்கோய் ஒரு கொள்கையைத் தம் வாழ்நாள் முழுதும் கடைப்பிடித்தார். வாடிய தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்திப்பது என்று அதனைக் குறிப்பிடுவார். அதாவது, புத்தம் புதிய, விலை மிகுந்த கருவியைத் தேடி ஓடாதே. எல்லாருக்கும் பழகிப்போய், மலிந்துபோய், அதன் குற்றங்குறைகள் எல்லாம் தெரிந்துபோன பழைய கருவியை எடு. எவரும் நினைக்காத வேறொரு வேலைக்கு அதைப் பயன்படுத்து.

எடுத்துக்காட்டு வேண்டுமா? 1970-களில் ஷார்ப்பும் காசியோவும் கணக்குப்போடும் சிறு கருவிகளில் கடும் போட்டியிட்டன. போட்டியில் விலை சரிந்தது. அக்கருவியின் உள்ளே இருந்த சில்லும் திரையும் மலிந்தன. அந்நாளில் யோக்கோய் புல்லட் ரயிலில் போகும்போது, அலுவலக மனிதர் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களை அழுத்தி அழுத்தி விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். 1980-இல் 'கேம் அண்ட் வாட்ச்' பிறந்தது. உள்ளங்கைக்குள் ஒரு விளையாட்டு, கூடவே கடிகாரம்.

இயற்பியல் மாணவன் என்பதால் இங்கே சற்று நின்று பேச என்னை அனுமதியுங்கள். நீர்மப் படிகத் திரை தானாக ஒளி விடுவதில்லை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நீர்மப் படிகம். வெளியே இருபுறமும் ஒளியை வடிகட்டும் தளவிளைவுத் தாள்கள். மின்னழுத்தம் இல்லாதபோது படிகம் ஒளியைத் திருப்பி வெளியே விடும். அழுத்தம் கொடுத்தால் திருப்பாது. ஒளி தடுக்கப்பட்டு அவ்விடம் கறுப்பாகத் தெரியும். செலவாகும் மின்சாரம் மிகச் சிறிது. அதனால்தான் பொத்தான் அளவு மின்கலத்தில் பல மாதம் ஓடுகின்றது. கணக்குக் கருவியில் '8' என்ற எண் ஏழு துண்டுகளாக முன்பே செதுக்கப்பட்டிருக்கின்றது அல்லவா? எந்தத் துண்டு கறுக்கின்றதோ அதற்கேற்ப எண் மாறும். யோக்கோய் செய்தது அவ்வளவே: எண்ணின் துண்டுகளுக்குப் பதிலாக, பந்தைத் தூக்கிப் போடும் மனிதனின் கைகளைச் செதுக்கினார். கை இங்கே, கை அங்கே. பந்து மேலே, பந்து கீழே. கணக்குப் பிள்ளையின் கருவி கழைக்கூத்தாடியின் கருவியாயிற்று! இவ்வகைக் கருவிகள் 4 கோடியே 34 லட்சம் விற்றன. நம் துறை ஆய்வுக்கூட அலமாரியில் இதே தத்துவத்தில் இயங்கும் பழைய திரைகள் எத்தனை கிடக்கின்றன என்று எண்ணிப் பார்க்கின்றேன்.

1989-இல் வந்த 'கேம் பாய்' கருவியிலும் இதே கதைதான். எதிரிகள் வண்ணத் திரை வைத்தார்கள். யோக்கோயின் குழு பச்சை கலந்த நான்கு சாயல்களோடு நின்றுகொண்டது. வண்ணத் திரைக் கருவிகள் ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் விழுங்கின. கேம் பாய் நான்கு மின்கலங்களில் பத்து மணிக்கு மேல் ஓடிற்று. விலையும் குறைவு. பின்னால் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றது. ஏழை வீட்டுச் சிக்கனம் வென்றது என்று சொன்னால் மிகையாகுமா?

மாரியோவின் பிறப்பையும் சொல்லவேண்டும். 1981-இல் அமெரிக்காவுக்கு அனுப்பிய 'ரேடார் ஸ்கோப்' என்ற விளையாட்டுப் பெட்டிகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் விற்காமல் கிடங்கில் தேங்கின. அவற்றுக்குள் வேறு விளையாட்டைப் போட்டு விற்றுத் தொலைக்கவேண்டிய நெருக்கடி. அந்த வேலை ஷிகெரு மியமோத்தோ என்ற ஓவிய இளைஞரிடம் போயிற்று. அவர் நிரல் எழுதுபவர் அல்லர். யோக்கோயின் மேற்பார்வையில் 'டாங்கி காங்' பிறந்தது. அதில் குதித்து ஏறும் சிறு மனிதனை வரைய மிகச் சில புள்ளிகளே இருந்தன. வாய் வரைய இடம் இல்லை, மீசை வைத்தார். முடியை அசைக்க முடியாது, தொப்பி வைத்தார். அந்த மீசையும் தொப்பியுமே இன்று உலகம் அறிந்த மாரியோ. குறை என்று வந்ததை முகமாக மாற்றிவிட்டார்கள்!

1983-இல் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் 'ஃபேமிகாம்' ஜப்பானில் வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில், மட்டமான விளையாட்டுகள் குவிந்து, வாங்கியோர் வெறுத்து, அத்தொழிலே சரிந்துகொண்டிருந்தது. செத்த சந்தையில் 1985-இல் தன் பெட்டியைக் கொண்டுபோய் இறக்கியது நிண்டெண்டோ. அவ்வாண்டு வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' 4 கோடிப் படிகளைக் கடந்து விற்றது.

அந்தப் பெட்டியை நீங்களும் அறிவீர்கள். அதன் பெயரை அறியமாட்டீர்கள். 'டி.வி. கேம்' என்று நம் ஊர்க் கடைகளில் விற்றதே, மஞ்சள் நிறக் கேசட் செருகுவோமே, '99999 விளையாட்டுகள்' என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே பத்துப் பதினைந்தே இருக்குமே - அது ஃபேமிகாமின் நகல். என் தந்தையாரும் இரண்டு ஆண்டு அதனை விற்றார். கடையில் கூட்டம் இல்லாத நண்பகலில் நான் மாரியோவைக் குதிக்க வைத்துக்கொண்டிருப்பேன். பெட்டியில் நிண்டெண்டோ என்ற பெயர் எங்கும் இல்லை. காகிதம் விற்றுப் பெரிய ஆளானவனின் சரக்கு எங்கள் கடையிலேயே இருந்திருக்கின்றது; எங்களுக்குத்தான் தெரியவில்லை.

இந்நிறுவனத்தை நான் தெய்வமாக்கவில்லை. தம் பெட்டிக்கு விளையாட்டு எழுதிய பிற நிறுவனங்களை அமெரிக்காவில் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டு என்ற கட்டுக்குள் வைத்து அடக்கியது. தோற்றும் இருக்கின்றது, 1995-இல் யோக்கோயே செய்த 'விர்ச்சுவல் பாய்' படுதோல்வி. அடுத்த ஆண்டு அவர் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். 1997-இல் சாலை விபத்தில் இறந்தார். 2012-இல் வந்த 'வீ யூ'வும் தோற்றது. அத்தோல்வியின்போது தலைவராக இருந்த சட்டோரு இவாட்டா, ஆட்குறைப்புச் செய்ய மறுத்து, 2014-இல் தம் ஊதியத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். இவாட்டா நிரல் எழுதி வளர்ந்தவர். அடுத்து 2017-இல் வந்த 'ஸ்விட்ச்' 15 கோடியைத் தாண்டி விற்றிருக்கின்றது. 2024 அக்டோபரில், உஜி நகரில் முன்பு சீட்டுக்கட்டு தயாரித்த தொழிற்சாலைக் கட்டடத்தையே அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அங்கே போகின்றவர் தம் கையாலேயே மலர்ச்சீட்டு செய்து பார்க்கலாமாம்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

விளையாட்டில் நாம் ஏழைகளா? பச்சீசி நம்முடையது. அது 1896-இல் இங்கிலாந்தில் லூடோ என்ற பெயரில் உரிமை பெற்றது. பாம்பும் ஏணியும் நம்முடையது. பரமபதத்தில் பாம்பு என்றால் தீவினை, ஏணி என்றால் நல்வினை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலேயரின் குழந்தை விளையாட்டாயிற்று. கஞ்சிஃபா என்ற வட்டச் சீட்டுகளைக் கையால் தீட்டிய ஓவியர்கள் இந்தியா எங்கும் இருந்தனர். தசாவதாரக் கட்டில் பத்து அவதாரத்திற்குப் பன்னிரண்டாக 120 சீட்டு. மைசூர் அரசர் மும்முடி கிருஷ்ணராஜ உடையார், 1868-இல் மறையும்வரை, புதுப்புதுச் சீட்டாட்டங்களையும் கட்ட விளையாட்டுகளையும் அமைப்பதில் ஈடுபாடு கொண்டிருந்தவர். ஃபூசாஜிரோ யமவுச்சியிடம் 48 மலர்ச்சீட்டுதான் இருந்தது. நம்மிடம் அதைவிடப் பெரிய கட்டு இருந்தது. பின் ஏன் அவர் வீட்டில் மாரியோ பிறந்தான். நம் வீட்டில் பிறக்கவில்லை?

நம் வீட்டில் பிறந்தது வேறு. அதன் பெயர் ரம்மி.

1967-ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஆந்திர அரசு தொடுத்த ஒரு வழக்கில் தீர்ப்பு வழங்கிற்று. செகந்திராபாத் மன்றம் ஒன்றில் ரம்மி ஆடியதைப் பற்றிய வழக்கு அது. ரம்மி வெறும் அதிர்ஷ்டம் அன்று. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கவேண்டும், சேர்க்கவும் கழிக்கவும் திறமை வேண்டும் என்பது தீர்ப்பு. கைப்பேசியில் ரம்மி நடத்திய நிறுவனங்கள் ஆண்டுக்கணக்கில் இத்தீர்ப்பையே கேடயமாகப் பிடித்தன. ஆனால் அதே தீர்ப்பு இன்னொன்றும் சொல்லிற்று: பணயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து இடத்துக்காரன் இலாபம் அடைந்தால் அது குற்றமாகலாம் என்று. கேடயத்தின் இந்தப் பக்கத்தை விளம்பரத்தில் யாரும் காட்டவில்லை. 2020 செப்டம்பரில் ஆந்திர அரசு இணைய ரம்மியைத் தடை செய்தது. தமிழ்நாட்டில் வந்த முதல் சட்டத்தை 2021-இல் உயர் நீதிமன்றம் தள்ளிற்று. 2022-இல் இரண்டாவது சட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றிற்று.

சட்டத்தைப் பற்றி நான் பேசுவது படித்ததால் மட்டும் அன்று. தமிழ்நாட்டில் இளங்கலை படித்தபோது, 2022-இல், என் அறைத்தோழன் ஒருவன் ரம்மியில் விழுந்தான். முதல் வாரம் முந்நூறு ரூபாய் வந்தது. அன்று எங்கள் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான், நாங்களும் உண்டோம். பிறகு இரவில் போர்வைக்குள் விளக்கொளி தெரியும். அவன் தந்தை கறவை மாடு விற்று அனுப்பிய இரண்டு பருவக் கட்டணம் போயிற்று. அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு காலையில் பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. இன்று பெங்களூரில் வீடு வீடாக உணவுப் பொட்டலம் கொண்டு கொடுக்கின்றான். அவனுக்குக் கணக்கில் எங்கள் வகுப்பிலேயே கூர்மையான மூளை. அந்தப் பிரியாணியை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கின்றது. ஒருவரும் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

கியோத்தோவில் சீட்டு சூதாட்டக் கூடத்திலிருந்து வீட்டுக் கூடத்திற்கு வந்தது. நம் நாட்டிலோ, பாட்டி திண்ணையில் புளியங்கொட்டையைப் பணயமாக வைத்து ஆடிய சீட்டு, வீட்டுக் கூடத்திலிருந்து கைப்பேசி வழியே சூதாட்டக் கூடத்திற்குப் போயிற்று. வழி ஒன்றே, நடந்த திசைதான் எதிர்.

'நம் நாட்டிலும் வீடியோ விளையாட்டு செய்கின்றார்களே' என்பீர்கள். செய்கின்றார்கள். பெங்களூரில் 1997-இல் ராஜேஷ் ராவ் 'துருவா இன்டராக்டிவ்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். நாட்டின் முன்னோடி அதுதான். அங்கிருந்த ஓவியர்கள் மைக்ரோசாஃப்டின் 'ஃபோர்சா' பந்தய விளையாட்டில் ஓடும் வண்டிகளை வடித்தனர். உலகம் வியக்கும் கைத்திறன். ஆனால் பெரும்பாலும் பிறர் விளையாட்டுக்குச் செய்த கைத்திறன். 2016 இறுதியில் சுவீடன் நாட்டு நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்குவதாக அறிவித்தது. 2019-இல் அமெரிக்காவின் ராக்ஸ்டார் கேம்ஸ் 79 லட்சம் டாலருக்கு வாங்கித் தன்னோடு இணைத்துக்கொண்டது. அந்தத் தொழிலாளரை நான் குறை கூறவில்லை. பிழைப்புக்காக வேற்றூர் வந்தவன் மகனுக்குக் கூலி வேலையை இகழும் உரிமை இல்லை. ஆனால் வண்டியை வரைந்தவன் பெயர் வண்டியில் இல்லை என்ற உறுத்தல் எனக்கு உண்டு.

மாறாக இரண்டு பேரைப் பாருங்கள். மும்பைப் பக்கத்தில் விகாஷ் ஜெய்ஸ்வால் 2016-இல் 'லூடோ கிங்' என்ற விளையாட்டை வெளியிட்டார். 2020 ஊரடங்கில் அடைபட்டுக் கிடந்த குடும்பங்கள் அதில் கூடின. 10 கோடிக்கு மேற்பட்ட முறை அது இறக்கிக்கொள்ளப்பட்டது. அதில் என்ன புதுமை? ஒன்றுமில்லை! வாடிய தொழில்நுட்பம்தான். இங்கிலாந்து போன பச்சீசி லூடோவாகித் திரும்பி வந்தது, அவ்வளவே. பூனாவில் 'நாடிங் ஹெட்ஸ்' என்ற சிறு குழு, அண்ணன் தம்பியாய் அல்லாமல் அக்காளும் தம்பியுமாய், அசுரர் கவர்ந்து சென்ற தம்பியைத் தேடும் ஒரு கூத்தாடிப் பெண்ணின் கதையை 'ராஜி' என்று செய்தது. 2017-இல் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று இலக்கை எட்டவில்லை. விடாமல் செய்து 2020 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். முதலில் வெளிவந்தது எதில் தெரியுமா? நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில்! காகிதம் விற்றவன் கட்டிய மேடையில் நம் கூத்தாடிப் பெண் ஏறி நின்றாள்.

இப்போது என் வழக்கு. வரும் பொங்கல் விழாவில், கைப்பேசித் துப்பாக்கிச் சண்டைப் போட்டி நடத்தி, வெல்லும் அணிக்குப் பதினைந்தாயிரம் ரூபாய் பரிசளிப்பது என்று நம் மன்றத்தின் செயற்குழு எண்ணியிருக்கின்றது. பணயம் இல்லை, ஆகவே அது சூது அன்று. அதை நானும் ஒப்புகின்றேன். நானும் ஆடியிருக்கின்றேன், இரவு இரண்டு மணி வரை ஆடிவிட்டுக் காலையில் ஆய்வுக்கூடத்தில் உறங்கியதைப் பேராசிரியரே அறிவார். என் கேள்வி வேறு. யாரோ செய்து வைத்ததை நாற்பது பேர் இரண்டு நாள் ஆடித் தீர்ப்பதற்குப் பதினைந்தாயிரமா? ஒன்றைச் செய்வோர்க்கு ஒரு ரூபாயும் இல்லையா?

அந்தப் பணத்தை ஒரு விளையாட்டு செய்யும் போட்டிக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கின்றேன். கணிப்பொறித் துறையார் இருவர் நிரல் எழுதட்டும். தமிழ்த் துறையார் படிக்கும் சொல்லைத் தேர்ந்து கொடுக்கட்டும். வரையத் தெரிந்தவர் வரையட்டும். தெலுங்கு நண்பர்களையும் சேர்த்துக்கொள்வோம். பரமபதமும் வைகுண்டபாளியும் ஒரே தாள்தானே! விலை உயர்ந்த கருவி வேண்டாம். எல்லார் பையிலும் இருக்கும் பழைய கைப்பேசியில் ஓடினால் போதும்.

'இதெல்லாம் படிப்பைக் கெடுக்கும்' என்பார் சிலர். நிரல் எழுதுவதும், திரையின் இயக்கத்தை அறிவதும், ஆடுபவன் மனத்தைக் கணிப்பதும் படிப்பு இல்லையென்றால் எதுதான் படிப்பு? 'யார் ஆடுவார்?' என்பார் வேறு சிலர். இதற்கு மட்டும் என்னிடம் உறுதியான விடை இல்லை. ஆனால் ஆடக்கூடியவர் எங்கே இருக்கின்றார் என்று தெரியும். அலிபிரியில் நடக்கத் தொடங்கும் குடும்பங்களைக் கடையில் உட்கார்ந்து பதினேழு ஆண்டாகப் பார்க்கின்றேன். மூச்சு வாங்கும் பாட்டி ஓரிடத்தில் அமர்வார். பேரன் உடனே கைப்பேசியை எடுத்துத் துப்பாக்கி சுடுவான். பாட்டி வேறு பக்கம் பார்ப்பார். படிகளின் மீதே அமர்ந்து, படி ஏறும் விளையாட்டை, பாட்டியும் பேரனும் ஒரே திரையில் ஆடினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றுகின்றது. எந்தப் பாம்பு எந்தக் கதையிலிருந்து வந்தது என்று பாட்டிக்குத்தான் தெரியும். பேரன் கேட்டே ஆகவேண்டும்.

செயற்குழுக் கூட்டம் அடுத்த வெள்ளிக்கிழமை மாலை, வழக்கமான இடத்தில். உறுப்பினர் அல்லாதாரும் வந்து பேசலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கின்றார். கடையின் மூலையிலிருந்த கட்டை எண்ணிப் பார்த்தேன்; முப்பத்தொரு தாள் இருக்கின்றது. ஓரங்கள் மங்கியிருக்கின்றன, பாம்புகள் நன்றாகவே தெரிகின்றன. தந்தையாரிடம் கேட்டதற்கு, "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ, இடமாவது மிஞ்சும்" என்றார். கொண்டு வருகின்றேன். தாயக்கட்டை மட்டும் யாரிடமாவது இருந்தால் எடுத்து வாருங்கள்.